இந்தப் பிழை எந்த மெஷினில் நடந்தது?

விநோதமான தபால்தலை ஒன்று கையில் சிக்கியதும் முதலில் வாயில் வரும் கேள்வி, "இது எவ்வளவுக்குப் போகும்?" என்பதுதான். அதைத் தள்ளிவைத்துவிட்டு, "இந்தக் கோளாறு அச்சகத்தில் எந்த இடத்தில் நடந்திருக்கும்?" என்று கேட்டுப் பழகினால் பாதி ஏமாற்றங்கள் தவிர்ந்துவிடும். தாள், பிளேட், மை, துளையிடும் மெஷின், வெட்டும் கத்தி. இவற்றில் ஏதாவது ஒன்றைச் சுட்டி "இங்கேதான் நடந்தது" என்று சொல்ல முடியாத பிழை, பெரும்பாலும் அச்சகத்தைவிட்டு வெளியே வந்த பிறகு யாரோ பார்த்த கைவேலை.

பிழை பிளேட்டிலேயே இருந்தால் அது ஒவ்வொரு ஷீட்டிலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். 1861ல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்தில் லண்டன் சரக்கு வந்துசேரத் தாமதமானதால், முக்கோணத் தபால்தலைகளை உள்ளூரிலேயே அச்சடித்தார்கள். 1 பென்னி சிவப்பு, 4 பென்ஸ் நீலம். தனித்தனி உலோகக் கட்டைகளைச் சேர்த்துப் பிளேட் கட்டும்போது ஒன்றின் கட்டை மற்றதில் கலந்துவிட்டது. அதனால் நீல நிறத்தில் 1 பென்னியும் சிவப்பில் 4 பென்ஸும் பிறந்தன. சுவீடனின் புகழ்பெற்ற மஞ்சள் 3 ஸ்கில்லிங்குக்கும் இதே விளக்கம்தான் சொல்லப்படுகிறது. 1855ன் அந்த 3 ஸ்கில்லிங் நீலப்பச்சையில் வரவேண்டியது. மஞ்சளில் அச்சடிக்கும் 8 ஸ்கில்லிங் பிளேட்டுக்குள் அதன் கட்டை ஒன்று நுழைந்திருக்க வேண்டும். இன்றுவரை அறியப்பட்டது ஒன்றே ஒன்று. 1886ல் ஒரு பள்ளி மாணவன் வீட்டுப் பழைய கடிதங்களுக்கிடையே கண்டெடுத்தது அது. 1996ல் 28 லட்சத்து 70 ஆயிரம் சுவிஸ் ஃபிராங்குக்கு ஏலம் போனது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் 1855ஆம் ஆண்டு 4 பென்ஸ் 'தலைகீழ் அன்னம்' இதில் இன்னொரு பாடம். பெயர் அன்னத்தின்மேல் பழி போடுகிறது. உண்மையில் அன்னம் நேராகத்தான் இருக்கிறது. கல்லச்சுக்காகக் கல்லில் மாற்றுப்பதிவு செய்தபோது சுற்றியுள்ள சட்டம் ஒன்று தலைகீழாக வைக்கப்பட்டுவிட்டது. பக்கத்துத் தபால்தலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் இது புரியும். தனித்துக் கிழித்த தலையில் எது திரும்பியது என்பதற்குச் சாட்சியே இல்லை. பிழையைப் பக்கத்துத் தலையிலிருந்து ஒருபோதும் பிரிக்காதீர்கள் என்று மூத்தவர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பிரிட்டிஷ் இந்தியாவில் சமஸ்தானங்களுக்காக மேலச்சு இட்ட, அதாவது அச்சான தலையின்மேல் சமஸ்தானத்தின் பெயரை மறுபடி அச்சடித்த, தபால்தலைகளும் இந்த வகையே. சம்பா சமஸ்தானத்தின் பெயரில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இடம்மாறி 'ச்மாபா' என்று வாசிக்கும்படி வந்தது. குவாலியரின் பெயரில் ஓ வரவேண்டிய இடத்தில் சி நின்றது. அச்சுக்கோக்கிறவர் ஒரு எழுத்தைத் தவறாக எடுத்தால், திருத்தும்வரை எல்லா ஷீட்டிலும் அதே வரிசை, அதே நிரையில் அது வரும். ஆகவே எழுத்துப் பிழையுள்ள மேலச்சு என்றால் ஷீட்டில் எத்தனையாவது இடம் என்று கேளுங்கள். கேட்டலாக் (தலைகளைப் பட்டியலிடும் கையேடு) சொல்லும் இடத்துக்கும் ஷீட்டின் ஓரப்பட்டை காட்டும் இடத்துக்கும் பொருந்தவில்லை என்றால் மேலே பேச வேண்டியதில்லை.

அடுத்தது அச்சு ஓட்டத்தில் நடப்பது. இது பெரும்பாலும் ஒரு ஷீட்டோடோ சில ஷீட்டுகளோடோ நின்றுவிடும். எண்ணிக்கை குறைவு என்பதால் விலையின் உச்சியில் நிற்பவற்றில் பல இவைதான். அமெரிக்காவின் 1918ஆம் ஆண்டு 24 சென்ட் விமான அஞ்சல் தலைக்குச் சிவப்புச் சட்டமும் நீல விமானமும் தனித்தனி ஓட்டங்கள். கையால் தாள் ஊட்டும் பிரஸ் அது. இரண்டு ஓட்டங்களுக்கும் இடையில் ஒரு ஷீட் 180 டிகிரி திரும்பினால் போதும், 100 தலைகளிலும் விமானம் கவிழ்ந்துவிடும். அப்படியொரு ஷீட்டை 1918 மே 14 அன்று வாஷிங்டன் அஞ்சலகக் கவுன்ட்டரில் வில்லியம் ராபி முகமதிப்பான 24 டாலருக்கு வாங்கினார். சில நாளில் 15,000 டாலருக்கு விற்றார். வாங்கிய வியாபாரி யூஜின் கிளைன் 20,000 டாலருக்குச் சேகரிப்பாளர் எட்வர்ட் கிரீனிடம் கைமாற்றினார். ஷீட்டைப் பிரிப்பதற்குமுன் ஒவ்வொரு தலையின் பின்பக்கத்திலும் 1 முதல் 100 வரை மெல்லிய பென்சிலில் இட எண் எழுதிவைத்தார்கள். அந்த எண்தான் பின்னாளில் பெரிய உதவி செய்தது. 1955ல் ஒரு கண்காட்சியிலிருந்து நான்கு தலைகள் சேர்ந்த கட்டம் திருடுபோனபோது, பிறகு அவிழ்ந்துவந்த தலைகளை இட எண்ணையும் ஓரத்துத் துளைப் பற்களையும் வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

பிரிட்டிஷ் இந்தியாவின் 1854ஆம் ஆண்டு நான்கு அணாவும் இதே கதைதான். சிவப்புச் சட்டம் ஒரு ஓட்டம், நீல நிறத்தில் விக்டோரியா அரசியின் உருவம் இன்னொரு ஓட்டம். கல்கத்தாவில் கல்லச்சில் ஓட்டியபோது சில ஷீட்டுகளில் அந்த உருவம் கவிழ்ந்தது. விமான அஞ்சலுக்கு 64 வருடம் முன்னால் வந்த பிழை இது. இன்று கிடைப்பவற்றில் பல, அக்கால வழக்கப்படி எண்கோணமாக ஓரம் கத்தரித்துக் கடிதத்தில் ஒட்டப்பட்டவை. முழுச் சதுரமாக ஓரம் தப்பிய பிரதிக்கு இருக்கும் மதிப்பே வேறு.

நிறம் விடுபடுவதும் இதே கட்டத்தில்தான். ஃபோட்டோகிராவ்யூர் என்ற, குழிவெட்டிய உருளையால் அச்சிடும் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர். ஒரு சிலிண்டரில் மை தீர்ந்தாலோ, அது தாளைத் தொடாமல் விலகி ஓடினாலோ அந்த நிறம் மட்டும் காணாமல்போகும். பிரிட்டனின் 1965ஆம் ஆண்டு அஞ்சல் கோபுரத் தலையில் கோபுரத்தையே காணோம் என்ற பிரதிகள் உண்டு. 1966ல் தொழில்நுட்ப வரிசை 6 பென்ஸில் ஒரு பிரதியில் சிவப்பு மினி கார்கள் இல்லை, இன்னொன்றில் நீல ஜாகுவார் கார் இல்லை. இதைக் கொண்டாடுகிறவர்களிடம் காரணம் கேட்டால், ஓவியம் உள்ளபடி இருக்க ஒரு பொருள் மட்டும் மாயமாகும் வேடிக்கை என்பார்கள். பிழைத் தலைகளின் கவர்ச்சியே கண்ணால் ஒரு நொடியில் பிடிபடுவதில் இருக்கிறது. புற ஊதா ஒளியில் மட்டும் மின்னும் பாஸ்பர் பட்டை விடுபட்ட தலை அரிதாக இருந்தும் அந்த விளக்கு இல்லாமல் தெரியாததால் ஆர்வம் எழுப்புவதில்லை.

மூன்றாம் கட்டம் துளையிடுவது. மெஷின் ஒரு வரிசையைத் தவறவிட்டால் இரண்டு தலைகளுக்கு நடுவே துளை இருக்காது. முழு ஷீட்டும் தப்பினால் துளையில்லாத தலை. தாள் மடிந்து உள்ளே போனால் கோணலாக வெட்டுப்பட்டு, பக்கத்துத் தலையின் ஒரு மூலையும் ஒட்டிக்கொண்டு விசித்திர வடிவம் வரும்.

ஓவியனோ வடிவமைப்பாளரோ செய்த தவறு இந்தக் கணக்கில் சேராது. 1903ல் செயின்ட் கிட்ஸ் நெவிஸ் தலையில் கொலம்பஸ் தொலைநோக்கியில் பார்க்கிறார், அவர் காலத்தில் தொலைநோக்கியே கிடையாது. 1947ல் மொனாக்கோ வெளியிட்ட தலையில் ரூஸ்வெல்ட்டின் கையில் ஆறு விரல். 1956ல் கிழக்கு ஜெர்மனி இசையமைப்பாளர் ஷூமனின் படத்துக்குப் பின்னால் ஷூபர்ட்டின் இசைக்குறிப்பைப் போட்டுவிட்டு, பிறகு திருத்திய வடிவத்தை வெளியிட்டது. பேசுவதற்குச் சுவையானவை. ஆனால் எல்லாப் பிரதியிலும் ஒரே தவறு இருப்பதால் விலை சாதாரணம். "இதில் பிழை இருக்கிறது, பாருங்கள்" என்று இவற்றை ஏற்றிச் சொல்லி விற்கிறவர்களைக் கண்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

பெயரிடுவதிலும் ஒரு கண்டிப்பு வேண்டும். கேட்டலாக்குகள் முழுமையான, விளக்கக்கூடிய கோளாறையே பிழை என்கின்றன. நிறம் முற்றிலும் இல்லை, நடுப்படம் தலைகீழ், இரண்டு தலைக்கு நடுவே துளையே இல்லை, தவறான நீர்க்குறி (தாளுக்குள்ளேயே இருக்கும் அடையாளம்) உள்ள தாள். பாதிக் கோளாறுகள் வேறு ரகம். நிறம் அரை மில்லிமீட்டர் நகர்ந்தது, துளை சற்றே படத்துக்குள் விழுந்தது, மைத்துளி தெறித்தது என்பதெல்லாம் ஓட்டக் கோளாறு. இவற்றில் 1 மில்லிமீட்டர் நகர்வு எங்கும் கிடைக்கும். தலையின் கால்பங்குக்கு மேல் நகர்ந்து, எழுத்து ஒரு தலையிலும் படம் அடுத்ததிலும் நின்றால் தேடுகிறவர்கள் வருவார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் இந்த ரகத்தில் தொடங்குவதே நல்லது. செலவு குறைவு, பிரஸ் எப்படி ஓடுகிறது என்பதும் நன்றாகப் புரிந்துவிடும்.

இனி பரிசோதனைக்கு வருவோம். மேஜையில் இருக்க வேண்டியவை: நுனி மழுங்கிய ஸ்டாம்ப் இடுக்கி, 10 மடங்கு லென்ஸ், 30 மடங்கு சிறு மைக்ராஸ்கோப், துளை அளவுகோல், நீண்ட அலை 365 நானோமீட்டரும் குறுகிய அலை 254 நானோமீட்டரும் தரும் புற ஊதா விளக்கு. எல்லாவற்றையும்விட முக்கியம், அதே தலையின் பிழையில்லாத பிரதி ஒன்று. அது பக்கத்தில் இல்லாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். குறுகிய அலை விளக்கைக் கண்ணால் நேராகப் பார்க்கக்கூடாது. கண்ணாடி இந்த அலையைத் தடுப்பதால் ஃபிரேமுக்குள் இருக்கும் தலைமீது விளக்கடித்துப் பயனில்லை.

நிறம் விடுபட்டதாகச் சொல்லப்படும் தலையை 30 மடங்கில் வரிசை வரிசையாகப் பாருங்கள். அந்த நிறத்தின் ஒரே ஒரு புள்ளி தெரிந்தாலும் அது மை வறண்ட ஓட்டம்தான், விடுபட்டது ஆகாது. விலை பலமடங்கு இறங்கிவிடும். மற்ற நிறங்கள் இயல்பான அழுத்தத்தில் இருக்கின்றனவா என்றும் ஒப்பிட வேண்டும். எல்லா நிறமும் சேர்ந்து வெளுத்திருந்தால் வெயில் தின்றிருக்கிறது. மஞ்சள்தான் வெயிலில் முதலில் போகும். அதனால் பச்சைத் தலை நீலமாகும், ஆரஞ்சு ரோஜாவாகும். இதற்கு நிறம் மாறியது என்று பெயர், பிழை என்று அல்ல. ரசாயனத்தில் நனைத்து எடுத்ததென்றால் 365 விளக்கில் தாள் இயல்பான பிரதியைவிட வேறாக ஒளிரும். பசை இருந்தால் அதில் அலையோ பளபளப்புக் குறைவோ தெரியும். பிரிட்டிஷ் தலைகளில் வரும் அரசியின் பொன்னிறத் தலையுருவம் விடுபட்டதாகச் சொன்னால் சாய்வான வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். புடைப்பச்சின் மேடு இருந்து பொன் மட்டும் இல்லை என்றால் யாரோ சுரண்டியிருக்கலாம்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு நல்ல செய்தி. பழைய ஆரஞ்சு, சிவப்புத் தலைகள் பழுப்பாகவோ கருப்பாகவோ மாறியிருப்பது நிறப்பிழை அல்ல. ஈயம் கலந்த நிறமி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்ததன் விளைவு. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூரிகையால் தொட்டால் பல நேரம் பழைய நிறம் திரும்பும். விலை குறைந்த ஒரு பிரதியில் முயன்று பார்த்த பிறகே அருமையானதில் கை வைக்க வேண்டும். பசையுள்ள தலையில் வேண்டவே வேண்டாம்.

துளையில்லாத் தலைக்கு ஒரே விதி: ஜோடியாக வேண்டும். ஓரம் அகலமான சாதாரணத் தலையின் பற்களைக் கத்தரித்தால் துளையில்லாதது போல ஆகிவிடும், தனித்தலையில் இதைப் பிரித்தறிய வழியில்லை. சுருள் தலைகளில் இரண்டு பக்கம் இயல்பாகவே நேராக இருக்கும், சிறு புத்தகத் தலைகளிலும் ஓரங்கள் நேராக வரும். ஆகவே ஒரு பக்கம் நேராக இருக்கிறதே என்று துள்ள வேண்டாம். ஜோடி கிடைத்தாலும் இடைவெளியைச் சாய்வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். துளை ஊசி தாளைத் துளைக்காமல் வெறும் குழியாகப் பதிந்திருந்தால் அது முழுப்பிழையாகாது. துளை எண்ணிக்கை 2 சென்டிமீட்டருக்கு எத்தனை என்பதே உலக வழக்கு. நேர் ஓரத்தில் பிற்பாடு பல் வெட்டிய போலியில் இந்த எண்ணும் துளையின் வட்டமும் மற்ற பக்கங்களோடு ஒத்துப்போவதில்லை.

நடுப்படம் தலைகீழான இருவண்ணத் தலையில் செய்யும் கைவேலை இன்னும் நுணுக்கம். நடுவை வட்டமாக வெட்டித் திருப்பி ஒட்டுவார்கள், அல்லது முன்பக்கத்தை மெல்லியதாகச் சீவிவிட்டு வேறொன்றை மேலே பதிப்பார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒட்டின் வளையம் தெரியும். நீர்க்குறி பார்க்கும் பென்சைனில் (பெட்ரோலியத் திரவம், பென்சீன் அல்ல) ஒரு விநாடி தொட்டால் ஒட்டு கருத்து நிற்கும். ஆனால் பென்சைன் சட்டெனத் தீப்பற்றும், ஃபோட்டோகிராவ்யூர் மையைக் கரைக்கவும் கூடும். அந்த அச்சு முறையில் வந்த தலைக்கு அழுத்திப் பார்க்கும் உலர் கருவியே பாதுகாப்பு.

மேலச்சில் மூன்று பொறிகள். மேலச்சு இல்லாத ஒற்றைத் தலை என்று எதுவும் கிடையாது, அது வெறும் மூலத் தலைதான். மேலச்சு உள்ளதோடு சேர்ந்த ஜோடியாக இருந்தால்தான் விடுபட்டது என்று பேச முடியும். அஞ்சல் முத்திரை அடித்த தலையில் மேலச்சு முத்திரையின் கீழே இருக்க வேண்டும். லென்ஸில் முத்திரைக்கு மேலே மேலச்சு மை ஏறியிருந்தால் முத்திரை அடித்த பிறகு யாரோ அச்சடித்திருக்கிறார்கள். எழுத்தச்சில் இட்ட பழைய மேலச்சு தாளின் பின்னால் மெல்லத் தடித்துத் தெரியும். லேசர் பிரிண்டரின் தூள்மை மேலே வெறுமனே உட்கார்ந்திருக்கும், இங்க்ஜெட் என்றால் ஓரத்தில் நுண்ணிய நிறப்புள்ளிகள் சிதறியிருக்கும்.

இரட்டை அச்சு என்பதும் அடிக்கடி ஏமாற்றும் சொல். உண்மையான இரட்டையில் மெல்லிய எழுத்துக்கோடுகூட இரண்டு தனிக்கோடாக, இரண்டும் போதிய அழுத்தத்தோடு நிற்கும். தாள் சற்று வழுக்கினால் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டதுபோல மங்கலான நிழல் வரும், அது வேறு. பின்பக்கத்தில் தெரியும் மறுபக்கப் படத்துக்கும் இரண்டு காரணம். ஈரமான ஷீட்டுகள் அடுக்கியதில் ஒட்டியது என்றால் கண்ணாடிப் பிம்பம் மங்கலாக, இடம் தவறித் தெரியும். ஒரு ஷீட் ஊட்டத் தவறி உருளை மை வாங்கி அடுத்த ஷீட்டின் முதுகில் பதித்ததென்றால் பிம்பம் கூர்மையாக, முன்பக்கப் படத்தோடு நேர் பொருந்தி நிற்கும். இரண்டாவதற்கே மவுசு. மடிப்பில் பார்க்க வேண்டியது, விரித்தால் வெண்பட்டை வருகிறதா என்பது. வந்தால் அச்சுக்குமுன் மடிந்தது. வெறும் மடிப்புக்கோடு மட்டும் என்றால் யார் பாக்கெட்டிலோ கசங்கியது.

இன்னொரு பிரிவைக் கடுமையாகத் தள்ளி வைக்க வேண்டும்: அச்சகக் கழிவு. சோதனை ஓட்டத் தாள்கள் அழிக்கப்பட வேண்டியவை, பின்வாசல் வழியாக வெளியே வருகின்றன. கவுன்ட்டரில் விற்பனையாகாதது தபால்தலையே அல்ல. ஒரே தலையில் நிறம் நகர்வு, துளை இல்லை, இரட்டை அச்சு மூன்றும் சேர்ந்து, எல்லா மதிப்பிலும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் சந்தேகப்படுங்கள். வேண்டுமென்றே பெருக்கிய பிழையும் உண்டு. 1962ல் அமெரிக்காவின் 4 சென்ட் ஹேமர்ஷோல்ட் தலையில் மஞ்சள் பின்னணி தலைகீழாக வந்த ஷீட் வெளியே தெரிந்ததும், அஞ்சல் துறைத் தலைவர் எட்வர்ட் டே அதே கோளாறோடு கோடிக்கணக்கில் அச்சடிக்கச் சொன்னார். இன்று அது மிகச் சாதாரணமாகக் கிடைக்கிறது.

கவுன்ட்டரில் வாங்கிய ஷீட்டில் பிழை கண்டால் செய்ய வேண்டியது குறைவு, செய்யக்கூடாதது அதிகம். கிழிக்காதீர்கள், மடிக்காதீர்கள், விரலால் தொடாதீர்கள். ஓரப்பட்டையில் சிலிண்டர் எண், நிறக்கட்டங்கள், வரிசை எண் இருந்தால் அவையே சான்று. ரசீதை அந்த ஷீட்டோடு வையுங்கள். அதே கட்டிலிருந்து பிழையில்லாத ஒரு ஷீட்டும் வாங்கிவிடுங்கள். தேதி, அஞ்சலகம், எத்தனை ஷீட்டில் பார்த்தீர்கள் என்பதை அன்றே குறித்துவையுங்கள். பிழையிலிருந்து இயல்புக்கு மாறும் எல்லை ஒரே ஷீட்டுக்குள் விழுந்திருந்தால், பாதி நிறத்தோடும் பாதி நிறமில்லாமலும் இருக்கும் அந்த வரிசையைப் பிரிப்பது பெரிய நஷ்டம். என்ன நடந்தது என்று சொல்லும் துண்டு அது ஒன்றுதான்.

வாங்கும்போது முன், பின் இரண்டையும் 1200 டிபிஐயில் ஸ்கேன் கேளுங்கள். பின்பக்கம் காட்ட மறுத்தால் விட்டுவிடுங்கள். விலை பெரிதென்றால் நிபுணர் சான்று கிடைத்தால்தான் வியாபாரம் முடியும் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள், சான்றுக் கட்டணம் யாருடையது என்பதையும் சேர்த்து. லண்டனின் ராயல் ஃபிலாட்டலிக் சொசைட்டி, நியூயார்க்கின் ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் சான்று தருகின்றன. சான்று இருப்பது மட்டும் போதாது. அதிலுள்ள படத்தின் பற்களை ஒவ்வொன்றாக உங்கள் கையிலிருக்கும் தலையோடு ஒப்பிட வேண்டும். வேறு தலைக்கான நல்ல சான்று போலித் தலையோடு சேர்ந்து சுற்றுவது பழைய தந்திரம். குட்டைப் பல், மூலையில் கீறல், முத்திரையின் கோணம், நடுப்படம் எந்தப் பக்கம் எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது என்பவை கையெழுத்துப்போல. எந்த இரண்டு தலையும் இவற்றில் ஒத்துப்போவதில்லை.

பாதுகாப்பில் பிவிசி உறை முதல் எதிரி, அது மெல்ல ஒட்டிக்கொண்டு மையை இழுக்கும். பாலியெஸ்டர் உறை அல்லது அமிலமற்ற தாளில் வைத்து, ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, செங்குத்தாக நிற்கும் ஆல்பத்தில் வையுங்கள். பசையுள்ள தலைக்கு ஹிஞ்ச் (தலையை ஆல்பத்தில் ஒட்டும் சிறு பசைத்தாள்) வேண்டாம். சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் ஆசை வந்தால் வண்ணப் பிரதியை மாட்டுங்கள். 1918ன் அந்த 100 கவிழ்ந்த விமானத் தலைகளில் 49ஆம் எண் பெரும்பாலான காலம் வங்கிப் பெட்டக இருட்டிலேயே இருந்தது. நிறம் மங்காமல், ஹிஞ்ச் படாமல் வெளிவந்த அது 2023 நவம்பரில் 20 லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போனது. அதே ஷீட்டிலிருந்து வந்த, ஹிஞ்ச் பட்டும் மடிந்தும் போன சகோதரத் தலைகள் அதில் ஒரு பகுதிக்கே போகின்றன.